தண்ணீருக்கும் மூச்சு உண்டு



கூலி, வேலை நேரம், ரேஷன் கார்டு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு ஆகியவற்றைப் பற்றியே நம் இதழில் வழக்கமாக எழுதி வருகிறோம். இந்த மாதம் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைப் பற்றி எழுதுகிறோம். "இதெல்லாம் காலேஜ்காரர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் வீட்டுச் சட்டியில் வேகும் சாளை மீனுக்கும், நம் சொந்தக்காரர்கள் இறங்கி வேலை செய்யும் சாக்கடைக் குழிக்கும், நம்மில் பலர் குடியிருக்கும் தோட்டுக்கரைக்கும் இந்த விஷயம் நேராக வந்து சேருகிறது. ஆகவே இதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குத் தெரியாத விஷயத்தில் நம்மைக் குற்றவாளி ஆக்குவது பிறருக்கு மிகவும் சுலபம்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். மீனும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அது தன் செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் தண்ணீரில் இந்த வாயு மிகக் குறைவு. நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. நம் ஊர் வெயிலில் கிடக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இருப்பது ஏழு, ஏழரை மில்லிகிராம்தான். கடல் நீரில் அதைவிடவும் சற்றுக் குறைவு. தண்ணீர் சூடாகச் சூடாக இன்னும் குறையும். இந்த அளவு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சுத் திணறும். ஓட முடிந்தவை ஓடும். ஓட முடியாத நண்டும் சிப்பியும் மீன் குஞ்சும் அங்கேயே சாகும்.

இந்தக் கொஞ்ச நஞ்ச பிராணவாயுவைத் தின்றுவிடுவது எது? நாம் கழுவி விடும் மலமும், எச்சில் சோறும், சோப்பு நீரும், இறைச்சிக் கழிவும் தோட்டில் கலக்கும்போது அவற்றை அழுகச் செய்யும் நுண்கிருமிகள் பெருகுகின்றன. அந்தக் கிருமிகளும் மூச்சு விடுகின்றன. வீட்டுச் சாக்கடை நீர் ஒரு லிட்டர் முழுவதும் மக்கி முடிய சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் வரை பிராணவாயு தேவைப்படுகிறது. அதாவது ஒரு செம்பு சாக்கடை நீர், முப்பது செம்பு நல்ல தண்ணீரில் உள்ள மூச்சு முழுவதையும் உறிஞ்சிவிடும்.

இது முதல் அடி. இரண்டாவது அடி இன்னும் பெரியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. சாக்கடையில் நைட்ரஜன் இருக்கிறது, பாஸ்பரஸ் இருக்கிறது. வயலில் போடும் யூரியாவிலும் டி.ஏ.பி.யிலும் இருக்கும் அதே சத்துகள்தான். நெல்லுக்குப் போட்டால் நெல் வளரும். காயலிலும் கடலிலும் போய்ச் சேர்ந்தால் பாசி வளரும். தண்ணீர் பச்சைப் பசேலென்று மாறும். பகலில் அந்தப் பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயுவை விடும். இரவில் வெயில் இல்லை, பாசியும் மூச்சு வாங்கும். அதனால்தான் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதக்கின்றன. பிறகு அந்தப் பாசியே மடிந்து அடியில் போய் அழுகும். அந்த அழுகலுக்கு மறுபடியும் பிராணவாயு வேண்டும். ஒரு கிலோ நைட்ரஜனைத் தின்று வளர்ந்த கடற்பாசி முழுவதும் அழுகினால் சுமார் இருபது கிலோ பிராணவாயு செலவாகும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

இந்தக் கணக்கை ஊருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனித உடம்பிலிருந்து ஆண்டுக்குச் சுமார் நான்கு கிலோ நைட்ரஜன் வெளியேறுகிறது. பத்து லட்சம் பேர் வாழும் ஒரு நகரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு நாலாயிரம் டன். அது அத்தனையும் தண்ணீருக்குப் போனால் எண்பதாயிரம் டன் பிராணவாயுவை வாங்கும் கடன் அது. எல்லாம் போய்ச் சேருவதில்லை, மண்ணிலும் தொட்டியிலும் ஒரு பங்கு நின்றுவிடும். ஆனாலும் நகரம் தினமும் தண்ணீரிடம் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறது. திருப்பிக் கட்டுவதற்கான ஏற்பாடு பாதிகூட இல்லை.

இனி நம் திருவனந்தபுரத்தைப் பார்ப்போம். ஆமயிழஞ்சான் தோடு நமக்கெல்லாம் தெரியும். ஆமை ஊர்ந்த தோடு என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். தம்பானூர், பழவங்காடி, வஞ்சியூர், கண்ணம்மூலை என்று நகரத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போய் இது ஆக்குளம் காயலில் விழுகிறது. பட்டம், உள்ளூர் தோடுகளும் அங்கேதான் சேருகின்றன. ஆக்குளத்தை அடுத்தது வேளிக் காயல். அதற்கும் அப்பால் கடல். ஆண்டின் பெரும்பகுதி வேளிப் பொழியை மணல் திட்டு அடைத்து நிற்கும். அப்போது நகரத்தின் சாக்கடைச் சத்தெல்லாம் வெளியே போக வழியில்லாமல் காயலிலேயே தங்கி, குளவாழை என்று இங்கே சொல்லும் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. அந்தச் செடி தண்ணீரை மூடிக்கொள்ள, வெயிலும் காற்றும் கீழே போகாமல் மூச்சு இன்னும் அடைபடுகிறது. மழைக்காலத்தில் பொழி திறந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் கடலுக்குப் பாய்கிறது. வள்ளக்கடவிலிருந்து வடக்கே ஓடும் பார்வதி புத்தனாற்றின் கதியும் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணி கௌரி பார்வதிபாயின் காலத்தில் வள்ளம் ஓடுவதற்கென்று வெட்டிய கால்வாய் அது. இன்று அதன் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாத இடங்கள் உண்டு.

கடலுக்குப் போனால் தீர்ந்துவிடும், கடல் பெரியது என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல. நம் மேற்குக் கடற்கரைக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறி வருகிறது. கன்னியாகுமரிப் பக்கம் ஆரம்பித்து வடக்கே பரவுகிறது. அந்த நீரில் சத்து அதிகம், பிராணவாயு குறைவு. சத்து இருப்பதால்தான் கேரளக் கடலில் மீன் வளம். ஆனால் அதனாலேயே இந்தக் கடலில் மூச்சுக்குப் பஞ்சமும் வருகிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் 2000ஆம் ஆண்டில் இதைப் பற்றி உலகுக்கு எழுதினார்கள். இந்தியாவின் மேற்குக் கரையோரம் ஆண்டுதோறும் மூச்சுக் குறைந்து கிடக்கும் பரப்பு சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். கேரள மாநிலத்தைப் போல நாலரை மடங்கு. இது இயற்கையாக உண்டாவது. ஆனால் நிலத்திலிருந்து வந்து சேரும் நைட்ரஜன் இதை இன்னும் கடுமையாக்குகிறது என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஏற்கெனவே இளைப்பு நோய் உள்ளவன் முகத்தில் புகையை ஊதினால் என்ன ஆகும்? அந்தக் காரியத்தைத்தான் நம் நகரங்கள் செய்கின்றன.

2004 செப்டம்பர் நடுவில் நடந்ததை இங்கே பல ஆண்டுகளாக இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரை கடலிலிருந்து தாங்க முடியாத நாற்றம் எழுந்தது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. குமட்டலும் மூச்சுத் திணறலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கடலில் திடீரென்று பெருகிய நுண்பாசி மடிந்து அழுகியதே காரணம் என்று பிறகு ஆராய்ந்து சொன்னார்கள். அது பருவத்தின் விளைவு, நம் ஊர்ச் சாக்கடைதான் அதைக் கொண்டுவந்தது என்று நாம் சொல்லவில்லை. பாசி பெருகி அழுகினால் கரையில் இருக்கும் குழந்தைக்கும் மூச்சு முட்டும் என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன.

சொந்த ஊர்ப் பக்கமும் இது நடந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்து ஒதுங்கின. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முங்கிப் பார்த்தபோது, பாசி மண்டிய இடங்களில் பிராணவாயு இரண்டு மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது, பவளப் பாறைகளும் மடிந்து கிடந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூரைப் பிரித்துக் கோடு போட்டார்கள். தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் ஒரு பக்கம், நெய்யாற்றின்கரை மறு பக்கம். கடலில் யாரும் கோடு போடவில்லை. குமரிக் கரையில் ஏறும் நீர்தான் பூந்துறைக்கும் வலியதுறைக்கும் வருகிறது.

இனி மீன் விலைக்கு வருவோம். சாளை, ஏழை வீட்டுப் புரதம். இறைச்சி வாங்க முடியாத நாளிலும் சாளை வாங்கிக் குழம்பு வைத்தோம். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2012இல் கேரளக் கரையில் இறங்கிய சாளை சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் டன். 2021இல் அது 3,297 டன்னாக விழுந்தது. இதற்குப் பிராணவாயுக் குறைவு ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கடல் சூடாவது, மழை முறை மாறியது, குஞ்சு மீனைக்கூட விடாமல் அரித்தது என்று பல காரணங்களை அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் தள்ளாடி நிற்கிறவன் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றலாமா என்பதே நம் கேள்வி. 1960க்குப் பிறகு உலகக் கடல்கள் தம் பிராணவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கை இழந்துவிட்டன. மனிதன் கொட்டும் சத்தினால் மூச்சு அடைபட்ட கடற்கரை இடங்கள் உலகில் நானூறுக்கும் மேல் என்று 2008இலேயே கணக்கெடுத்தார்கள். வள்ளம் தள்ளும் மீனவனும், சுமடு தூக்கி விற்கும் மீனவப் பெண்ணும், சந்தையில் பேரம் பேசி வாங்கும் நம் வீட்டுப் பெண்களும் சேர்ந்துதான் இந்த நஷ்டத்தைக் கட்டுகிறார்கள்.

சரி, யார் குற்றவாளி? இந்தக் கேள்வி வந்ததும் விரல்கள் முதலில் தோட்டுக்கரையை நோக்கி நீளும். "காலனிக்காரர்கள்தான் அசுத்தம் செய்கிறார்கள், அவர்களை அகற்றினால் தோடு சுத்தமாகும்." தோடு நாறும்போதெல்லாம், வெள்ளம் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டு நம் காது புளித்துவிட்டது. 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று வெள்ளத்தைத் தடுக்கத் திட்டம் போட்டு ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். ஓடைகளைத் திறக்க வேண்டியது அவசியமே, அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தோட்டுக்கரைக் குடிசையின் நைட்ரஜன் வேறு, பல மாடிக் கட்டடத்தின் நைட்ரஜன் வேறு என்று விஞ்ஞானத்தில் எங்கும் எழுதவில்லை. தலைக்கு நாலு கிலோ எல்லோருக்கும்தான். கரையோரக் குடும்பத்தின் கழிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஓட்டலின் கழிவும், லாட்ஜின் கழிவும், அடுக்கு மாடியின் கழிவும் குழாய்க்குள் மறைந்து போவதால் தெரிவதில்லை. செப்டிக் தொட்டியில் இறைத்த மலத்தை நடுராத்திரியில் டேங்கர் லாரியில் கொண்டுவந்து தோட்டிலும் வயலிலும் திறந்து விடுகிறவர்கள் காலனியில் வாழும் துப்புரவுத் தொழிலாளிகளா? அந்த லாரி யாருடைய வீட்டுத் தொட்டியிலிருந்து வருகிறது?

முட்டத்தறையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் 2013 முதல் ஓடுகிறது. நாள் ஒன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டரைச் சுத்தம் செய்யும் திறன் உடையது. ஆனால் அதற்குக் கழிவுநீரைக் கொண்டு சேர்க்கும் குழாய்கள் நகரம் முழுவதும் போடப்படாததால், பல ஆண்டுகள் தன் திறனில் மிகக் குறைந்த அளவுக்கே வேலை செய்தது. ஒரு பக்கம் இயந்திரம் பசியோடு காத்திருந்தது, மறு பக்கம் மலம் தோட்டில் ஓடியது. உலை கொதிக்கிறது, அரிசி கொண்டுவர வழியில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? சாக்கடைக் குழாய் இணைப்பு இல்லாத காலனிக்காரனையா, இணைப்புக் கொடுக்காதவர்களையா?

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் அழுகும் பொருள் பெருமளவு நீங்கும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓரளவுதான் நீங்கும். அவற்றை எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். ஆகவே "சுத்தம் செய்துதான் விடுகிறோம்" என்று யாராவது சொன்னால், "சத்தையும் எடுத்துவிட்டீர்களா?" என்று நாம் திருப்பிக் கேட்கப் பழக வேண்டும்.

தோழர்களே, இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்ததில் முக்கியமானது இனிமேல் வருகிறது. தண்ணீரில் பிராணவாயு தீர்ந்த பிறகும் அழுகல் நிற்பதில்லை. காற்று வேண்டாத வேறு வகைக் கிருமிகள் வேலையைத் தொடர்கின்றன. அவை விடும் வாயுதான் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. அடைபட்ட காயலின் அடியில் மீனைக் கொல்லும் இதே வாயு, மூடிய சாக்கடைக் குழியில் மனிதனைக் கொல்கிறது. அளவு மிகும்போது மூக்குக்கு அந்த நாற்றமே தெரியாமல் போகும். இறங்கியவன் இரண்டு மூச்சில் விழுவான். தூக்க இறங்கியவனும் விழுவான். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் அப்படித்தான் நடந்தது. ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்த இரண்டு தொழிலாளிகள் சாக்கடைக் குழியில் விழுந்தார்கள். வழியில் போன ஓர் ஆட்டோ டிரைவர் அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூவரும் மாண்டார்கள். வந்தவர்களின் மொழி அவருக்குத் தெரிந்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மூச்சுக்கு மொழி கிடையாது.

2024 ஜூலை 13ஆம் தேதி நம் நகரத்திலேயே, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவரை மழை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. குப்பை மலைக்குள் தேடி மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். அவர் மலையாளி. இறந்தவர் எந்த மொழிக்காரர் என்று பார்த்துத் துக்கம் கொண்டாடும் பழக்கம் தொழிலாளிக்கு இருக்கக் கூடாது. தேடுதல் முடியும் முன்பே, தோட்டின் அந்தப் பகுதி யார் பொறுப்பு என்று ரயில்வேயும் கார்ப்பரேஷனும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டதை நாடே பார்த்தது. ஹைகோர்ட் தானாகத் தலையிட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு பிளாஸ்டிக்கைப் பற்றிப் பெரும் பேச்சு எழுந்தது. நல்லதுதான். குப்பையை வாரட்டும், வலை கட்டட்டும், கொட்டுகிறவனுக்கு அபராதம் போடட்டும். ஆனால் பிளாஸ்டிக்கை முழுவதும் வாரிவிட்டாலும் தோட்டின் மூச்சு திரும்பாது. மூச்சைத் தின்பது கரைந்து கிடக்கும் மலமும் சத்தும். அது போட்டோவில் விழாது, ஆகவே அதைப் பற்றி அறிக்கையும் வராது.

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் தொட்டியிலும் மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இயந்திரம் இருக்கிறதா? அதுவும் இருக்கிறது. மனிதனுக்குப் பதிலாகக் குழியில் இறங்கும் 'பாண்டிகூட்' என்னும் இயந்திரத்தை 2018இல் அறிமுகப்படுத்தியது இதே திருவனந்தபுரத்து இளைஞர்களின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம். சட்டமும் இருந்து, இயந்திரமும் இருந்து, அதன் பிறகும் ஆள் இறங்குகிறான் என்றால் என்ன அர்த்தம்? ஆள் மலிவு என்று அர்த்தம். அதிலும் கான்ட்ராக்டர் கூட்டிவரும் வெளியூர் ஆள் இன்னும் மலிவு. துப்புரவு வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமுறைகளாக இந்நகரின் அழுக்கைச் சுமந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. நகரத்தைச் சுத்தம் செய்தவனையே "அசுத்தக்காரன்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நாம் சும்மா இருக்க முடியாது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா? கெட்ட தண்ணீர் கெட்டதுதான்" என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லண்டன் நகரத்தின் தேம்ஸ் நதி 1957இல் செத்த நதி என்று அறிவிக்கப்பட்டது. மைல் கணக்கில் அதில் பிராணவாயு கிடையாது, மீன் கிடையாது. அதன் பிறகு கழிவுநீர் நிலையங்களைப் புதுப்பித்தார்கள். 1974இல் சால்மன் மீன் அதில் திரும்ப வந்தது. கருங்கடலின் வடமேற்குக் கரையில் 1980களில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் மூச்சிழந்து கிடந்தது. 1990களில் அதைச் சுற்றியுள்ள நாடுகளில் ரசாயன உர உபயோகம் சரிந்ததும் அந்தக் கடல் தானாகத் தேறத் தொடங்கியது. தண்ணீர் மன்னிக்கும் குணம் உடையது. கொட்டுவதை நிறுத்தினால் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் பக்கத்துக் குடிசையைப் பிரித்துப் போட்டதால் எந்த நதியும் பிழைத்ததாக உலகில் சரித்திரம் இல்லை.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் கீழ்க்கண்டவற்றை அரசும் கார்ப்பரேஷனும் நீர் ஆணையமும் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்:

1. முட்டத்தறை நிலையத்தின் முழுத் திறனும் பயன்படும்படி குழாய்களைப் போட்டு முடிக்க வேண்டும். தோட்டுக்கரைக் காலனிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் கட்டணமில்லாமல் முதலில் இணைப்புத் தர வேண்டும்.

2. ஓட்டல், லாட்ஜ், ஆஸ்பத்திரி, அடுக்கு மாடி ஆகியவற்றின் கழிவுநீரைச் சோதித்து, ஆமயிழஞ்சான் தோடு, பார்வதி புத்தனாறு, ஆக்குளம் காயல் ஆகியவற்றில் பிராணவாயு எவ்வளவு என்பதை மாதந்தோறும் மலையாளத்திலும் தமிழிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

3. சுத்திகரிப்பு நிலையங்களில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீக்கும் ஏற்பாடு செய்து, அந்தச் சத்தை உரமாக நிலத்துக்குத் திருப்ப வேண்டும்.

4. மல டேங்கர் லாரிகள் எங்கே ஏற்றி எங்கே இறக்கின என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும். திருட்டுத்தனமாகக் கொட்டினால் டிரைவரோடு நிறுத்தாமல் லாரி முதலாளியையும் தண்டிக்க வேண்டும்.

5. எந்த நிலையிலும் மனிதனைச் சாக்கடைக் குழியில் இறக்கக் கூடாது. தோட்டு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், தற்காலிகத் தொழிலாளி உட்பட, இன்ஷூரன்சும் அடையாள அட்டையும் வேண்டும்.

6. தோட்டைச் சீர்செய்யும்போது குடியிருப்பவர்களை மாற்ற நேர்ந்தால், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

கேட்பதோடு நம் பங்கையும் செய்வோம். சோற்றையும் மீன் கழிவையும் தோட்டில் எறியாமல் மக்கவிட்டுச் செடிக்குப் போடுவோம். செப்டிக் தொட்டி உள்ள வாடகை வீட்டில் இருப்பவர்கள், தொட்டி நிரம்பினால் யாரிடம் கொடுக்கிறார் என்று வீட்டுக்காரரிடம் கேட்போம். சாக்கடைக்குள் இறங்கச் சொல்லும் கான்ட்ராக்டரிடம், இரட்டைக் கூலி என்று ஆசை காட்டினாலும், முடியாது என்று சொல்வோம். ஒருவர் தனியாகச் சொன்னால் வேலை போகும் என்பது தெரியும். அதனால்தான் சங்கம் இருக்கிறது. யாராவது குழியில் விழுந்துவிட்டால் உணர்ச்சிவசப்பட்டுப் பின்னாலேயே குதிக்காமல் உடனே தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். வார்டு கூட்டம் நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வராமல் எழுந்து கேட்போம். மலையாளம் தடுமாறினால் தமிழிலேயே கேட்போம். பூந்துறை, வலியதுறை, வேளி மீனவர்களோடு நமக்குக் கடற்கரையில் கடையும் சந்தையும் மட்டுமல்ல, இந்தக் கோரிக்கையும் பொது. அவர்களோடு பேசுவோம்.

வருகிற மாதக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் வாசித்துக் கையெழுத்து வாங்க இருக்கிறோம். குடும்பத்தோடு வாருங்கள். துப்புரவு வேலை செய்யும் தோழர்கள் தங்கள் அனுபவங்களைச் சொல்ல வேண்டும், அவர்களுக்கே முதலில் நேரம் ஒதுக்கப்படும்.